கொல்லிமலைக்கு ஒரு பிராக்கெட்

சிறுவாச்சூரில் குடியிருப்பவனுக்கு வாரத்தில் ஐந்து நாள்தான் சொந்தம். மதுரகாளியம்மன் கோவில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும். விசேஷ நாட்கள் தனி. இது தெரியாமல் புதன்கிழமை வந்து, பூட்டின கதவுக்கு முன்னால் சூடம் ஏற்றிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. நல்ல மனிதர்கள், யாருக்கும் தொந்தரவில்லை. திங்கள், வெள்ளிக்காரர்கள் அப்படியில்லை. திருச்சி–சென்னை நெடுஞ்சாலையிலிருந்து திரும்பி வண்டி வண்டியாக வருவார்கள். குடும்பம் மாவிளக்குத் தட்டோடு அம்மனைப் பார்க்கப் போய்விடும். டிரைவர் மட்டும் நிழல் தேடுவார். எங்கள் தெருவில் நிழல் என்று சொல்ல என் வீட்டு வேப்பமரம் ஒன்றுதான் இருக்கிறது. அதன் அடியில், பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, மூக்கில் கிரீஸோடு ஒரு ஆள் நின்றால் எந்த டிரைவர்தான் சும்மா இருப்பார்?

"என்ன சார் பிரச்சினை?"

பிரச்சினை ஒன்றும் இல்லை என்று நான் சொல்லி, இதுவரை ஒருவரும் நம்பியதில்லை.

நான் செய்துகொண்டிருந்தது ஒரு பிராக்கெட். மாருதி 800 இன்ஜின் மேல் சூப்பர்சார்ஜரை உட்காரவைக்க ஒரு இரும்புத் தாங்கி. இதை விளக்கினால் டிரைவர்கள் முதலில் என்னைப் பார்ப்பார்கள், அப்புறம் காரைப் பார்ப்பார்கள், அப்புறம் கோவில் இருக்கிற திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

ஏன் இந்த வேலை என்று நீங்களும் கேட்பீர்கள். காரணம் கொல்லிமலை. கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் எழுதி வைத்திருக்கிறார்கள். மானம் எந்த இடத்தில் போனது என்று பிற்பாடு துல்லியமாகச் சொல்ல இது பெரிய வசதி. எனக்கு 31. வண்டிக்குள் நான், மனைவி, மாமியார், மகன், மச்சினன். மச்சினனைப் பற்றித் தவறாகப் பேசுவதாக நினைக்காதீர்கள். பாசமான பையன், எடை மட்டும் கொஞ்சம் அதிகம். ஏசியை அணைக்கலாம் என்றால் மாமியாருக்கு மலையில் வெளிக்காற்று பட்டால் குமட்டும். முதல் கியரில் வண்டி முனகியது, நடுங்கியது, நின்றது. பின்னால் வந்த மினிபஸ்காரன் ஹாரன் அடித்தான். மச்சினன் தானாகவே கதவைத் திறந்து இறங்கினான். "நீங்க போங்க மாமா, நான் பொடிநடையா வந்துர்றேன்" என்றான். ஒற்றையடிப் பாதையில் குறுக்கே ஏறிவிட்டான் போல. நாங்கள் 32-க்குப் போய்ச் சேர்ந்தபோது அவன் அங்கே உட்கார்ந்து அன்னாசிப்பழம் தின்றுகொண்டிருந்தான். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தான். அந்தத் துண்டை நான் இன்னும் முழுசாக விழுங்கவில்லை.

வண்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. மாருதி 800 வந்தது 1983 டிசம்பரில்; 2014 ஜனவரியில் உற்பத்தியை நிறுத்தினார்கள். 796 சிசி, மூன்று சிலிண்டர், 37 குதிரை. என்னுடையது தொண்ணூறுகளில் பிறந்தது, கார்புரேட்டர் காலத்து ஆசாமி. அந்த 37-இல் வயதுக் கோளாறால் சில குதிரைகள் படுத்திருக்கும். ஏசி கம்ப்ரஸர் தன் பங்குக்கு மூன்று நான்கு குதிரைகளை இழுத்துக்கொள்ளும். மிச்சத்தில் மாமியார் வீடு மொத்தமும் மலையேற வேண்டும்.

என் மகன் ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் படிக்கிறான். மலையிலிருந்து திரும்பின ராத்திரி, தோசைக்கு நடுவில், "இன்ஜினுக்கு மூச்சு பத்தலப்பா" என்றான். சாதாரண இன்ஜின் காற்றைத் தானே உறிஞ்சிக் குடிக்கிறது. வெளியே இருக்கிற காற்று மண்டலத்தின் அழுத்தம் என்னவோ அவ்வளவுதான் உள்ளே போகும், பதினாலே முக்கால் பவுண்டுக்குக் கொஞ்சம் குறைச்சல். அதற்கு மேல் ஒரு நாலு பவுண்டு சேர்த்துக் காற்றைத் திணித்தால், சிலிண்டருக்குள் கால் பங்கு போல அதிகக் காற்று, அதற்கேற்ற பெட்ரோல், அதற்கேற்ற இழுவை. டயருக்கே முப்பது பவுண்டு அடிக்கிறோம், இன்ஜினுக்கு நாலு பவுண்டு கொடுக்க யோசிக்கிறோமே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. திணிக்கிற கருவி இரண்டு வகை. வெளியேறும் புகையின் வேகத்தில் சுற்றுவது டர்போ. இன்ஜின் புல்லியிலிருந்து பெல்ட் போட்டுச் சுற்றுவது சூப்பர்சார்ஜர். புகைக்குழாயைத் தொட்டால் கை வெந்துவிடும், பெல்ட் என்றால் நமக்குப் பழக்கம். தைக்கிற மிஷினிலிருந்து மாவு மில் வரை பெல்ட்தானே? ஆகவே சூப்பர்சார்ஜர்.

இது ஏதோ நேற்றைய கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் கானர்ஸ்வில் என்ற ஊரில் ரூட்ஸ் என்று இரண்டு சகோதரர்கள் கம்பளி ஆலை வைத்திருந்தார்கள். ஆலைக்கு நல்ல நீர்ச்சக்கரம் செய்யப் போய், இரண்டு உருளைகள் ஒன்றையொன்று உரசாமல் எதிரெதிராகச் சுற்றுகிற ஒரு பெட்டியைச் செய்தார்கள். தண்ணீருக்கு அது சரிப்படவில்லை, காற்றை மட்டும் பிரமாதமாக ஊதியது. 1860-இல் காப்புரிமை வாங்கி உலைகளுக்குக் காற்றூத விற்றார்கள். அதே ஜாதி புளோயர்தான் இன்று சிமெண்ட் ஆலைகளில் தூளைக் குழாய் வழியே ஊதித் தள்ளுகிறது. நம் பக்கத்து அரியலூரில் சிமெண்ட் ஆலைக்குப் பஞ்சமா? ஜப்பானில் 660 சிசிக்கு மேல் போகக் கூடாத குட்டிக் கார் வகை ஒன்று உண்டு. அதில் சிலவற்றுக்கு சுபாரு கம்பெனி சூப்பர்சார்ஜர் வைத்தே விற்றது. அந்த இனத்துச் சூப்பர்சார்ஜர் ஒன்றை மகன் தன் சிநேகிதர்கள் மூலமாகச் சென்னை புதுப்பேட்டையில் தேடிப் பிடித்தான். விலையை மனைவியிடம் பாதியாகச் சொன்னோம். பாதிக்கே இரண்டு நாள் பேசவில்லை.

வீட்டில் எதிர்ப்பு வந்தபோது நான் வரலாற்றைத் துணைக்குக் கூப்பிட்டேன். கோயம்புத்தூர் கரிவரதன் எண்பதுகளின் கடைசியில் இதே 800 இன்ஜினை எடுத்துத்தான் 'ஃபார்முலா மாருதி' என்று ஒற்றை ஆள் உட்காரும் ரேஸ் கார் செய்தார். பையன்கள் வரிசையாக அதில் ஓட்டப் பழகினார்கள். நரேன் கார்த்திகேயன் அதில் ஆரம்பித்து 2005-இல் ஃபார்முலா ஒன் வரைக்கும் போனார். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்துபோனார். கோவை செட்டிபாளையத்து ரேஸ் டிராக் அவர் பெயரில்தான் இருக்கிறது. இவ்வளவையும் உணர்ச்சியோடு சொல்லி முடித்தேன். "அவரு மில்லுக்காரரு வீட்டுப் பிள்ளை. நீங்க போன மாசம் கேஸ் சிலிண்டருக்கு எங்கிட்ட கடன் வாங்கினீங்க" என்றாள் மனைவி. பென்ட்லி கம்பெனியை ஆரம்பித்த டபிள்யூ.ஓ. பென்ட்லிக்கும் இந்தச் சூப்பர்சார்ஜர் சமாச்சாரமே ஆகாது. பிர்கின் என்ற ரேஸ்காரர்தான் அடம்பிடித்து வைத்தார். 1930 லெ மான்ஸ் ரேஸில் சூப்பர்சார்ஜர் வைத்த பென்ட்லிகள் பாதியில் நின்றுவிட, ஊதல் இல்லாத சாதா பென்ட்லிதான் ஜெயித்தது. இந்தக் கதையை மகன் சொல்ல வாயெடுத்தான். நான் மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தேன்.

இனி பிராக்கெட்டுக்கு வருகிறேன். சூப்பர்சார்ஜர் என்றால் படம் எடுக்கிறார்கள், வீடியோ போடுகிறார்கள். பிராக்கெட்டை யாரும் கண்டுகொள்வதில்லை. அம்மன் ஊர்வலத்தில் எல்லாரும் அம்மனைக் கும்பிடுகிறோம், பல்லக்குக்குக் கீழே இருக்கிற தோளை யார் பார்த்தார்கள்? அந்தத் தோள் வேலைதான் பிராக்கெட்டுக்கு. ஐந்தாறு கிலோ எடையைத் தாங்க வேண்டும். அதைவிட, பெல்ட் இழுக்கிற இழுப்பைத் தாங்க வேண்டும். இன்ஜின் நடுக்கத்தைத் தாங்க வேண்டும். மூன்று சிலிண்டர் இன்ஜின் ஐயாயிரம் சுற்றில் ஓடும்போது ஒரு விநாடிக்கு 125 முறை வெடிக்கிறது. அத்தனை வெடிக்கும் அந்த இரும்பு அசையாமல் இருக்க வேண்டும். புல்லிகள் இரண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஒரு மில்லி விலகினாலும் பெல்ட் கத்தும், அதற்கும் மேல் விலகினால் கழன்று ரேடியேட்டருக்குள் போகும். கடையில் போய் வாங்கலாம் என்றால், மாருதி 800-க்குச் சூப்பர்சார்ஜர் பிராக்கெட் உலகத்தில் எவனும் செய்து விற்கவில்லை. ஏன் விற்கவில்லை என்று அப்போது நான் யோசித்திருக்கலாம்.

முதலில் அட்டையில் வெட்டிப் பார்க்க வேண்டும் என்றான் மகன். இன்ஜின் பக்கவாட்டில் எங்கெங்கே போல்ட் ஓட்டை இருக்கிறதோ, அட்டையை வைத்து அழுத்தினால் தடம் விழும். அதை வெட்டினால் அளவு கிடைக்கும். சாதா அட்டை நிற்காது, தடிமனாக வேண்டும். பரணில் இருந்த பழைய கல்யாணப் பத்திரிகைக் கட்டில் நல்ல கனமாக ஒன்று கிடைத்தது. பளபளவென்று, தங்க விளிம்போடு, வளையவே வளையாத அட்டை. வெட்டினேன், ஓட்டை போட்டேன், கச்சிதமாக உட்கார்ந்தது. மனைவி காப்பியோடு வந்தவள் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது என் தம்பி கல்யாணப் பத்திரிகை."

"தடிமனா இருந்துச்சு."

"மாப்பிள்ளை பேர் மேலயே ஓட்டை போட்டிருக்கீங்க."

போல்ட் அங்கேதான் வருகிறது என்று நான் சொன்னது பொறியியல்படி நூற்றுக்கு நூறு உண்மை. குடும்பத்தில் அது எடுபடவில்லை. காப்பியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பத்திரிகை ஒரு திங்கட்கிழமை பிளைவுட் ஆனது. பிளைவுட்டைப் பொருத்தி வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, சற்றுத் தள்ளி நின்று ரசித்துக்கொண்டிருந்தேன். வேப்பமர நிழலில் அன்றைக்கு நாலைந்து டிரைவர்கள். நாமக்கல் லாரிக்காரர் ஒருவர் இரண்டு இன்ச் சேனல் வைத்து அடியிலிருந்து தூக்கச் சொன்னார். சென்னைப் பக்கத்து டாக்ஸிக்காரர், இந்த வண்டியை விற்றுவிட்டு ஒரு டீசல் வாங்கச் சொன்னார். தஞ்சாவூர்க்காரர் ஒன்றும் சொல்லாமல் என் வெற்றிலையைப் போட்டுக்கொண்டார். கடைசியாக ஒருவர் குனிந்தார். திருச்செங்கோட்டுக்காரர், போர்வெல் ரிக் வண்டியில் வேலை. லாரி முதுகில் பெரிய இன்ஜினும் கம்ப்ரஸரும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் பாறையைத் துளைக்கிறவர்; தாங்கி என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? என் பிளைவுட்டின் ஒரு கால் இன்ஜினிலும் இன்னொரு கால் வண்டி பாடியிலும் போய் நின்றது. இரண்டு பக்கமும் பிடித்தால் பலம் என்பது என் கணக்கு. அவர் ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். பண்ணினேன். ஆக்ஸிலேட்டரைத் தட்டச் சொன்னார். தட்டினேன். இன்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கியது, பிளைவுட் சடக்கென்று இரண்டானது.

"அண்ணே, இன்ஜின் ரப்பர் மேல உக்காந்திருக்கு, அது ஆடும். பாடி ஆடாது. ஆடறதையும் ஆடாததையும் ஒரே இரும்புல கட்டக் கூடாது. முழுசும் இன்ஜினோடவே புடிங்க. இன்ஜின் ஆடினா பிராக்கெட்டும் சேர்ந்து ஆடட்டும், புல்லியும் சேர்ந்து ஆடட்டும். அப்ப பெல்ட்டுக்கு ஒண்ணும் தெரியாது."

அப்புறம் தரையில் குச்சியால் கோடு போட்டு, ஒற்றைக் கையில் தொங்கவிடாமல் முன்னும் பின்னுமாக இரண்டு தட்டு வைத்து, நடுவில் குழாய்த் துண்டு கொடுத்து இறுக்கச் சொன்னார். முக்கோணமாக ஒரு முட்டுத் தகடு சேர்க்கச் சொன்னார். பெல்ட்டை இறுக்க நீள ஓட்டை ஒன்று. கோவிலிலிருந்து அவர் வீட்டார் வந்ததும் விபூதியைப் பூசிக்கொண்டு போய்விட்டார். மகனின் கல்லூரிப் புத்தகத்தில் இதெல்லாம் இருக்கிறதாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க எங்கப்பா கேக்கற ஆளு" என்றான். அவன் அம்மாவின் குரல், சுருதிகூட மாறவில்லை.

அதோடு விடவில்லை. கம்ப்யூட்டரில் என் பிராக்கெட்டை வரைந்து, பாரம் ஏற்றி, எங்கே அழுத்தம் அதிகம் என்று கலரில் காட்டினான். நீலம் என்றால் பயமில்லை, சிவப்பு என்றால் உடையும். நான் யோசித்த பகுதியெல்லாம் சிவப்பு. திருச்செங்கோட்டுக்காரர் சொன்ன முட்டுத் தகடு மட்டும் நீலம்.

அடுத்து இரும்பு. பெரம்பலூரில் துறையூர் ரோட்டுப் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறை. எங்கள் மாவட்டம் மக்காச்சோளத்துக்கும் சின்ன வெங்காயத்துக்கும் பேர் போனது. ஆகவே பட்டறைக்காரர் வாழ்நாள் முழுக்கக் கலப்பையும் டிராக்டர் டிப்பரும் சோளம் அடிக்கிற மிஷினும்தான் செய்திருக்கிறார். பிளைவுட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எத்தனை மில்லி போடலாம் சார்?" "நீங்களே சொல்லுங்க." "ஒரு இருபது போட்டுருவோம்." இருபது மில்லித் தகட்டில் அந்தச் சூப்பர்சார்ஜரை என்ன, டிராக்டரையே தொங்கவிடலாம். கெஞ்சிக் கூத்தாடிப் பன்னிரண்டுக்கு இறக்கினேன். பன்னிரண்டு மில்லித் தகடே ஒரு சதுர அடி எட்டே முக்கால் கிலோ வரும். அலுமினியம் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு எடைதான். ஆனால் அலுமினியம் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் வாடிய விதத்தைப் பார்த்து நான் வாயை மூடிக்கொண்டேன். ஒரு கலைஞனை அப்படிப் புண்படுத்தக் கூடாது.

எல்லாவற்றையும் வெட்டி, ஓட்டை போட்டு, கொத்தனார் நூல் பிடித்து நேர் பார்த்து வைத்தோம். அவர் அங்கங்கே ஒரு டாக், அதாவது பொட்டு வெல்டு, வைத்துவிட்டு, "டீ குடிச்சிட்டு வாங்க சார்" என்றார். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முழு வெல்டிங்கையும் ஒரே பக்கமாக ஓட்டி முடித்துவிட்டார். இரும்பு ஆறும்போது வெல்டு சுருங்கும், சுருங்குகிற பக்கம் தகட்டை இழுக்கும். மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கலப்பைக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான். நூலைப் பிடித்தால் மூன்று மில்லி விலகல். "லேசா இழுத்திருக்கு" என்றார். சம்மட்டியை எடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மூன்று மில்லி இந்தப் பக்கமாக இருந்தது.

அங்கிருந்து லேத். டர்னர் பெரியவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இதுக்கு பேஸிங் போட்டாத்தான் ஆகும். வெள்ளிக்கிழமை வாங்கிக்குங்க" என்றார். வெள்ளிக்கிழமை போனால் பட்டறை பூட்டு. விசாரித்தால் சிறுவாச்சூர் கோவிலுக்குப் போயிருக்கிறாராம். பெரம்பலூரிலிருந்து எட்டு கிலோமீட்டர் திரும்பி வந்து பார்த்தால், என் வீட்டு வேப்பமரத்தடியில் டி.வி.எஸ். 50-யை நிறுத்திவிட்டு நிற்கிறார். "ஆளைக் காணோமே சார், திங்கக்கிழமை வாங்களேன்" என்றார். திங்கட்கிழமையும் கோவில் உண்டு என்று ஒரு பக்தரிடம் நான் எப்படிச் சொல்வது? செவ்வாய் அன்று போய் வாங்கினேன்.

பேஸிங் போட்டு, அதாவது முகத்தைச் சீவி மட்டமாக்கிய பிறகு பிராக்கெட்டைப் பார்த்தேனே, அந்தச் சந்தோஷத்தை மட்டும் கிண்டல் பண்ண எனக்கு மனசு வரவில்லை. கறுப்பு இரும்பின் நடுவில் கத்தி பட்ட இடம் மட்டும் பளிச்சென்று வெள்ளையாக, தடவினால் விரல் வழுக்குகிறது. இன்ஜினில் வைத்தால் எட்டு மில்லி போல்ட் ஒவ்வொன்றும் கை முறுக்கிலேயே கடைசி வரை இறங்கியது. நூல் பிடித்தேன், மயிரிழை விலகவில்லை. சுத்தியலால் லேசாகத் தட்டினேன், சத்தம் கணீரென்று வந்தது. மகன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவன் என்னை அப்படிப் பார்த்ததில்லை. உடனே செல்போனை எடுத்துப் போட்டோ பிடித்தான். சூப்பர்சார்ஜரைத்தான்.

ஸ்டார்ட் பண்ணினோம். ஊங்ங் என்று புதிதாய் ஒரு சத்தம். பெல்ட் கத்தவில்லை. கோழிகள் மட்டும் மதில் ஏறின. டேஷ்போர்டில் செருகியிருந்த காற்றழுத்த மீட்டர் முள் லேசாகத் துடித்துவிட்டுப் படுத்துக்கொண்டது. இதென்ன, நாலு பவுண்டு எங்கே? நின்ற இடத்தில் நியூட்ரலில் வராது, பாரம் இழுத்தால்தான் வரும், ரோட்டில் ஓட்டினால்தான் தெரியும் என்றான் மகன். நான் சாவியை இறுக்கிப் பிடித்தேன். அப்போதுதான் மனைவி மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு காகிதத்தோடு வெளியே வந்தாள்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. கம்பெனி கொடுத்த அடிப்படை விவரம் மாறுகிற மாதிரி வண்டியில் கைவைக்கக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொல்லிவிட்டது. அதே வருஷத் திருத்தச் சட்டப்படி, மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. முழுக்க வாசித்துக் காட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"அபராதமெல்லாம் கட்ட வேணாம். அந்த ஆறு மாசத்தையே வாங்கிக்கங்க. வீடு கொஞ்சம் சுத்தமா இருக்கும்."

சட்டத்துக்கு உட்பட்டு ஓட்ட வழி இல்லாமல் இல்லை. செட்டிபாளையம் டிராக் இருக்கிறது, சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. ஆனால் ரோட்டில் ஓட்டக் கூடாத காரை அங்கே லாரியில்தான் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். லாரி வாடகை விசாரித்தேன். அதற்கு இன்னொரு மாருதி 800 வாங்கிவிடலாம். பெல்ட்டைக் கழற்றினோம், சூப்பர்சார்ஜரைக் கழற்றினோம், பழைய டவலில் சுற்றி பீரோவுக்கு அடியில் வைத்தோம்.

மறந்தே போனேனே, ஒன்றைச் சொல்ல வேண்டும். மாருதி 800 பானெட்டுக்குள் இன்னொரு சாமானை வைக்க இடமே கிடையாது. சூப்பர்சார்ஜருக்கு இடம் பண்ணுவதற்காக ஏசி கம்ப்ரஸரையும் அதன் பிராக்கெட்டையும் ஆரம்பத்திலேயே கழற்றி ஓரமாகப் போட்டிருந்தோம். இந்த நிலையில்தான் மாமியாருக்கு அறப்பளீஸ்வரர் கோவிலுக்கு ஒரு வேண்டுதல் என்று மறுபடியும் கொல்லிமலை. சூப்பர்சார்ஜரும் இல்லை, ஏசியும் இல்லை. கண்ணாடிகளை இறக்கிவிட்டுக் கிளம்பினோம். 31-ஆவது வளைவை வண்டி இரண்டாவது கியரில், மச்சினனையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு, அலட்சியமாகத் தாண்டியது. மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்தப் பயலுக்கு முதலிலிருந்தே தெரியும் என்பதை அவன் பிடரியைப் பார்த்தே புரிந்துகொண்டேன். மாமியாருக்குக் குமட்டவும் இல்லை. மலைக்காற்று உடம்புக்கு நல்லது என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். கீழே இறங்கிச் சமவெளி வெயில் முகத்தில் அடித்ததும்தான், "ஏசி எங்கே மாப்பிள்ளை?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கம்ப்ரஸரை எடுத்தேன். பிராக்கெட்டைக் காணோம். வீட்டைச் சுற்றி, கோழிக்கூண்டுக்குள், தொட்டிக்குப் பின்னால், எங்கும் இல்லை. மனைவியைக் கேட்டேன். வேப்பமரத்தடியில் இரும்பு இரும்பாகக் கிடந்ததில் எது வேண்டும் எது வேண்டாம் என்று தெரியாமல், பழைய இரும்புக்காரனிடம் சிலதை எடைக்குப் போட்டுவிட்டாளாம். நல்ல விலை கொடுத்தானாம். கடைகளில் விசாரித்தால் அந்தக் காலத்து ஏசி பிராக்கெட் இப்போது யாரிடமும் இல்லை.

மகனைக் கூப்பிட்டேன். முதலில் அட்டையில் வெட்டிப் பார்க்க வேண்டும் என்றான். பரணுக்கு ஏணி போட்டேன். நாலு படி ஏறுவதற்குள் மனைவி பீரோவைத் திறந்து, பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து ஒரு பத்திரிகையை உருவி என் கையில் கொடுத்தாள். மஞ்சள் தடவின மூலை, கனமான அட்டை, வளையவே வளையவில்லை. பிரித்துப் பார்த்தேன். எங்களுடையது.

"இதை வெட்டுங்க" என்றாள். "ஓட்டையை மாப்பிள்ளை பேர் மேலயே போடுங்க."